ஆறு துளை, அறுபது சென்டிமீட்டர்

லோ விசில் என்ற நீளமான ஊதுகுழலை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் அதை ஆயிரம் வருஷத்து வாத்தியம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அயர்லாந்தைப் பற்றிய படம் எதுவானாலும், மேற்குக் கரைப் பாறையோ இடிந்த மடாலயமோ திரையில் வந்தால் பின்னணியில் இதுதான் ஒலிக்கும். உண்மையில் இது கலர் டிவி காலத்துப் பிள்ளை. பிறந்தது 1971 வாக்கில். பிறந்த ஊரும் அயர்லாந்தில் இல்லை. இங்கிலாந்தில் உள்ள ரக்பி.

ஃபின்பார் ஃப்யூரி டப்ளின்காரர். இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் துருத்திக் குழலில் பெரிய கை. அவரிடம் இந்திய மூங்கில் குழல் ஒன்று இருந்தது. அதன்மேல் அவருக்குப் பிரியம் அதிகம். அது சேதமானபோது ரக்பியில் குழல் செய்துகொண்டிருந்த பெர்னார்ட் ஓவர்டன் பழுதுபார்க்க முயன்றார், முடியவில்லை. பதிலுக்கு அலுமினியக் குழாயில் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். பிறகு இருவருமாக உட்கார்ந்து அதைத் திருத்தித் திருத்தி இன்றைய லோ விசிலுக்குக் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்து மூங்கில் ஒன்று கெட்டுப்போனதில் அயர்லாந்துக்கு ஒரு வாத்தியம் லாபம்.

*

என்னிடம் டின் விசில் வெகுகாலமாக இருக்கிறது. பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கிற, சட்டைப் பையில் செருகிக்கொள்ளக்கூடிய சின்னக் குழல். லோ விசில் என்றால் விலையே வேறு. பிளாஸ்டிக்கில் செய்தது நூறு யூரோவுக்குள் முடியும். பட்டறையில் ஒரு கைவினைஞர் தனியாகக் கடைந்து, ஊதுவாயை அரத்தால் தேய்த்துச் சரிபார்த்துத் தருகிற உலோகக் குழல் இருநூறில் தொடங்கி முன்னூறைத் தாண்டும். இந்த வித்தியாசத்தில் குழாயின் பங்கு கொஞ்சம்தான். அலுமினியக் குழாய் மலிவு. ஊதுவாய்க்குள் காற்று போகும் ஒடுக்கமான பாதைக்கும், அந்தக் காற்று மோதுகிற கூர்விளிம்புக்கும் கொடுக்கிற காசு அது. ஒரு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் குழல் பேசாது.

லிமெரிக்கில் இருந்துகொண்டு என்னிஸ் போகாமல் குழல் வாங்குவது பாவம். என்னிஸ் இருக்கிற கிளேர் மாவட்டத்தில் தெருவுக்கொரு பிடில்காரர் இருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. கடையில் ஐந்தாறு குழல்களை எடுத்துப் போட்டு, "மெதுவா பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் கடைக்காரர். புதுக் குழலைச் சோதிக்க வேகப் பாட்டு எதற்கு? முதலில் ஆறு துளையையும் மூடி அடி சுரத்தை ஊதிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் அழுத்தி ஊதினாலே மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிற குழல், ஜிக் என்ற நடனப் பாட்டை வாசிக்கும்போது கையை விட்டுப் போய்விடும். அடுத்து, கீழ் ஜி, மேல் ஜி இரண்டும் சுருதி சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு சி நேச்சுரல். கடைசியாக மேல் பி: அங்கே குழல் கத்துகிறதா, பாடுகிறதா?

இந்த நான்கிலும் தேறியது கறுப்புப் பூச்சுப் பூசிய ஓர் அலுமினியக் குழல். பையில் போடும்போது கடைக்காரர் சொன்னது: "முதல் ஒரு மாசம் இதைத் திட்டாதே."

*

டி என்றால் நம் கணக்கில் இரண்டு கட்டை. லோ டி விசிலின் அடி சுரம் சுமார் 294 ஹெர்ட்ஸ். சின்ன விசிலின் அடி சுரம் சரியாக அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 587. ஸ்தாயி இறங்க வேண்டுமென்றால் நீளம் இரட்டிக்க வேண்டும். இரு முனையும் திறந்த குழலில் ஒலி அலையின் பாதி நீளம் அடங்கும். 294 ஹெர்ட்ஸுக்குப் பாதி அலை 58 சென்டிமீட்டர், சின்னதற்கு 29. ஊதுவாயையும் சேர்த்தால் கையில் இருப்பது கிட்டத்தட்ட அறுபது. இந்த ஒரு பெருக்கல் கணக்கிலிருந்துதான் லோ விசிலின் எல்லாச் சுகமும் எல்லாத் தொல்லையும் வருகிறது.

நீளம் கூடினால் துளைகளுக்கு நடுவே இடைவெளி கூடும். விட்டம் கூடினால் காற்று கூடுதலாக வேண்டும். கணக்குக்கு வழி உண்டு, கைக்குத்தான் இல்லை.

*

பிடி. சின்ன விசிலில் விரல் நுனியால் துளையை மூடிப் பழகிய கை இங்கே எட்டாது. கீழ்க்கையில் ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் ஒன்றையொன்று பிரிந்து ஓட வேண்டியிருக்கிறது. நுனியால் எட்ட முயன்றால் மணிக்கட்டு வளைந்து வலிக்கும். துருத்திக் குழல்காரர்களின் வழி வேறு: விரல்களை மடக்காமல் நேராக நீட்டி, நடுக்கணுவின் சதையால் துளையை மூடுகிறார்கள். நுனி துளையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பைப்பர் பிடி என்று பெயர். ஹிந்துஸ்தானியில் நீளமான பான்சுரி வாசிக்கிறவர்களும் இதே சங்கடத்துக்கு இதே தீர்வைத்தான் கண்டார்கள். பன்னாலால் கோஷ் பெரிய குழலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அவர்களுக்கு விரல் தட்டைதான்.

பிடி பழகுகிற வரை எங்காவது ஒரு துளையில் காற்று ஒழுகும். எந்தத் துளை என்று கண்டுபிடிக்க வழி: மேலிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு வர வேண்டும். எந்த விரலில் சுரம் கரகரக்கிறதோ, குற்றவாளி அதுதான். எனக்குக் கீழ்க்கை மோதிர விரல். எல்லாருக்கும் அதுதான் என்கிறார்கள்.

விரலை அழுத்தி மூடினால் ஒழுகல் நிற்கும் என்று தோன்றும். நேர்மாறு. அழுத்துகிற விரல் இறுகுகிறது. இறுகிய விரல் நகர்ந்துவிடுகிறது. துளையின் விளிம்பு விரலில் தடம் பதித்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

*

காற்று விஷயம். அடி சுரத்துக்கு வேகம் ஆகாது; சூடான காப்பியை ஆற்றுகிற மாதிரி மெல்லிய, அகலமான காற்று வேண்டும். மேல் ஸ்தாயிக்கு அதே விரலமைப்பு, காற்று மட்டும் வேகம். ஸ்தாயியை மாற்றுவதற்கென்று ஒரு சாவியோ, கட்டைவிரல் துளையோ கிடையாது. எல்லாம் வயிற்றிலும் உதட்டிலும்.

குழலுக்குக் குழல் எதிர்ப்பு மாறும். காற்றுப் பாதை ஒடுக்கமாக இருந்தால் ஊதும்போது உள்ளிருந்து ஒன்று தள்ளுகிற உணர்வு வரும். காற்று சிக்கனமாகச் செலவாகும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒலியில் வேலைப்பாடு காட்டலாம். அகலமாக இருந்தால் ஊதுவது சுலபம், ஆனால் ஒரு வரி முடிவதற்குள் மூச்சு தீரும். ஓவர்டனின் முறையை ஜெர்மனியில் தொடர்கிற காலின் கோல்டி, வாங்குகிறவரிடம் மென்மையா, நடுத்தரமா, கடினமா என்று கேட்டே ஊதுவாயைச் செய்துகொடுக்கிறார். செருப்புக்கு அளவு கேட்பது நியாயமென்றால் நுரையீரலுக்கும் கேட்பது நியாயம்தானே.

*

அலுமினியமா, பித்தளையா, மரமா, பிளாஸ்டிக்கா? இந்தச் சண்டை எந்த இசைக்கூடத்திலும் ஓயாது. பித்தளை "வெதுவெதுப்பான" நாதம், அலுமினியம் "குளிர்ந்த" நாதம் என்பார்கள். 1971-இல், அதாவது ஓவர்டன் அலுமினியக் குழாயை அறுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு சோதனை செய்தார். வெள்ளி, செம்பு, மரம் என்று மூன்று புல்லாங்குழல்கள். உள்வடிவமும் ஊதுவாயும் ஒரே மாதிரி. கேட்டவர்களால் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. குழாயின் சுவர் பாடுவதில்லை, உள்ளே நிற்கிற காற்றுத்தூண்தான் பாடுகிறது. வடிவத்துக்குத்தான் மரியாதை.

இருந்தாலும் உலோகம் கைக்கு ஜில்லென்று இருப்பது உண்மை. மரம் கையில் உட்காருவது உண்மை. வாசிக்கிறவன் மனசில் அது மாற்றம் செய்தால் வாசிப்பிலும் செய்யும். சோதனைச்சாலையில் சிக்காத கணக்கு அது. கடைக்காரருக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

*

குளிர்ந்த அறையில் புதுக் குழலை எடுத்தால் சுருதி தாழ்ந்து கிடக்கும். குளிரில் ஒலியின் வேகம் குறைகிறது. பத்து டிகிரி வித்தியாசம் அரை சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஊத ஊதக் குழல் சூடாகி ஏறும். தலைப்பகுதியை இழுத்து நுழைத்துச் சுருதி சேர்க்க வசதி இருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு தொல்லை நீர். சூடான மூச்சு குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகிக் காற்றுப் பாதையை அடைக்கும். நாதம் திடீரென்று கம்மிப்போகும். வாசிக்கும் முன் தலைப்பகுதியைக் கோட்டுக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்குகிறார்கள். இங்கே பப் மூலையில் ஒருவர் கைகட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தால் கோபம் என்று நினைக்க வேண்டாம், விசில்காரராக இருக்கும். நடுப்பாட்டில் அடைத்தால் கூர்விளிம்பு இருக்கிற வெட்டுவாயை விரலால் மூடிக்கொண்டு ஒரு பலமான ஊது. பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கரைத்து ஒரு சொட்டு காற்றுப் பாதையில் விட்டு உலரவிட்டால் நீர் துளியாகத் திரளாமல் பரவி வழிந்துவிடும். பெரிய பெரிய வித்வான்களின் ரகசியம் சமையலறைத் தொட்டியோரம் இருக்கிறது.

*

அலங்காரங்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கேதான் பாடம் தலைகீழ். நமக்குக் கமகம் என்பது சுரத்துக்குள்ளேயே நடக்கிற அசைவு. சுரம் நகர்கிறது, ஆடுகிறது, பக்கத்துச் சுரத்தைத் தொட்டு வருகிறது. அந்தப் பயணம் காதில் விழ வேண்டும். ஐரிஷ் இசையில் 'கட்' என்று ஒன்று. ஒரே சுரம் இரண்டு முறை வர வேண்டுமானால் நாக்கால் தட்டிப் பிரிக்காமல், மேலே உள்ள ஒரு விரலை மின்னலாக எடுத்து வைக்கிறார்கள். அந்த நொடியில் என்ன சுரம் வந்தது என்று யாருக்கும் கேட்கக் கூடாது. கேட்டால் தப்பு. 'டேப்' என்பது அதன் மறுபக்கம்: கீழே திறந்திருக்கிற துளையில் விரலால் ஒரு தட்டு. கட், டேப் இரண்டையும் சேர்த்தால் 'ரோல்': சுரம், கட், சுரம், டேப், சுரம். ஜிக்கில் மூன்று எட்டுமாத்திரை (eighth note) இடத்தை இது நிரப்பும்.

அடி டி சுரத்தில் ரோல் முடியாது. எல்லாத் துளையும் மூடியிருக்க, தட்டுவதற்குக் கீழே துளை ஏது? அதற்குத் துருத்திக் குழல்காரர்களிடமிருந்து 'கிரான்' என்ற உத்தியைக் கடன் வாங்கினார்கள்: வேறு வேறு விரல்களால் அடுத்தடுத்து கட், கட், கட். கேட்பதற்குச் சுரம் கொப்பளிக்கும்.

ஆக இவை சுர அலங்காரம் அல்ல, தாள வேலை. மிருதங்கத்தின் சொல்கட்டுக்கு நெருங்கிய உறவு, கமகத்துக்குத் தூரத்து உறவு. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் ரோல்கள் குழைவதை நிறுத்தின.

*

இன்னொரு பக்கம் நம் காதுக்கு லாபமும் உண்டு. ஆறு துளையையும் வரிசையாகத் திறந்தால் டியை ஆதார சட்ஜமாகக் கொண்ட சங்கராபரணம். அதே விரல்களோடு ஆதாரத்தை இ சுரத்துக்கு மாற்றினால் கரகரப்பிரியா. ஏ சுரத்தில் நின்றால் ஹரிகாம்போதி. பி சுரத்தில் நடபைரவி. முதல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடினால் சி நேச்சுரல் வருகிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் ஜி சுரத்தில் சங்கராபரணம், டி சுரத்தில் ஹரிகாம்போதி, ஏ சுரத்தில் கரகரப்பிரியா, இ சுரத்தில் நடபைரவி. ஐரிஷ் நடனப் பாட்டுகளில் பெரும்பங்கு இந்த நான்கு மேளங்களின் சுரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே குழலில் கிரகபேதம் செய்துகொண்டே ஒரு மாலை முழுவதும் ஓட்டுகிறார்கள், அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாமல்.

பப்பில் கூடி வாசிக்கிற எங்கள் செஷனில் ஃபிளூட் வாசிக்கிற பெரியவரிடம் இதை உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லது. இப்ப அந்த ஜிக்கை வாசி" என்றார்.

*

ஒரு ஜிக் என்பது எட்டு அளவு (பார்) கொண்ட இரண்டு பாகம். ஒவ்வொன்றும் இரண்டு முறை. மொத்தம் 32 அளவு, ஓர் அளவுக்கு ஆறு எட்டுமாத்திரை. நடன வேகத்தில் ஒரு சுற்று முடிய அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். பிறகு உடனே அடுத்த சுற்று. இடையில் ஓய்வு என்று எழுதியிருக்காது. பிடிலுக்கு மூச்சு வேண்டாம். துருத்திக் குழலுக்குக் கைக்கு அடியில் பை இருக்கிறது. விசில்காரன் எங்கே மூச்சு விடுவான்?

சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓநீல், கார்க் மாவட்டத்திலிருந்து போனவர், 1907-இல் 1,001 நடனப் பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்றைக்கும் "புத்தகம்" என்றாலே அதுதான் என்று புரியும். அதில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் சுரங்கள் விளிம்பிலிருந்து விளிம்புவரை இடைவெளியில்லாமல் நிற்கின்றன. அதை அப்படியே வாசித்தால் இரண்டாவது பாகத்தில் மயக்கம் வரும்.

பதில் எளிது: ஒரு சுரத்தை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்பதில்தான் வித்தை. தாளம் விழுகிற இடத்துச் சுரத்தை விடக் கூடாது. வரி முடிகிற இடத்தில் மட்டுமே மூச்சு எடுத்தால் பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது ஆகிவிடும். வரியின் நடுவில், நீளமாக நிற்க வேண்டிய ஒரு சுரத்தைப் பாதியில் அறுத்து, அந்த இடைவெளி தாளத்துக்கே உதவுகிற மாதிரி எடுக்க வேண்டும். சின்ன விசிலில் இந்தப் பாடத்தை ஏமாற்றலாம், காற்று குறைவாகச் செலவாகும். லோ விசில் ஏமாற்ற விடாது. நுரையீரல் காலியாகும்போதே தெரிந்துவிடும், இந்தப் பாட்டின் எலும்பு எது, சதை எது என்று.

புதுக் குழல் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் உருப்படியான விஷயம் இது.

*

வாத்தியங்களின் ஊர். டின் விசிலைத் தகரத்தில் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியவர் ராபர்ட் கிளார்க், இங்கிலாந்தின் சஃபோக்கைச் சேர்ந்தவர், 1843-இல். ஐரிஷ் ஃபிளூட் என்று நாம் சொல்வது, தியோபால்ட் போம் 1847-இல் சாவி வைத்த புது உலோகக் குழலைக் கொண்டுவந்த பிறகு மேட்டுக்குடி வாத்தியக்காரர்கள் கைவிட்ட பழைய மரக் குழல். கைமாறி கைமாறி கிராமத்துக்கு வந்தது. கிளேர் மாவட்டம் கொண்டாடுகிற ஆங்கிலோ கான்செர்ட்டினா ஜெர்மானியக் கான்செர்ட்டினாவிலிருந்து இங்கிலாந்தில் உருவானது. புஸூகி கிரேக்கத்திலிருந்து 1960-களில் வந்திறங்கியது. போரோன் என்ற தோல் கருவி அதே 60-களில் ஷான் ஓ ரியாடா தன் குழுவில் சேர்த்த பிறகே மேடைக்குரிய கருவியானது. லோ விசிலின் கதை மேலே எழுதியாயிற்று.

அப்படியானால் எது ஐரிஷ்? குழாய் இல்லை. கட், ரோல், கிரான், மூச்சுக்காக விடுகிற சுரம், எட்டு அளவு முடிந்ததும் உடம்பு தானாகத் திரும்புகிற விதம். அவை எங்கிருந்து வந்த கருவியிலும் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. வயலினை இரண்டு நூற்றாண்டுக்கு முன் பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்து மடியில் சாய்த்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை யோசித்துப் பார்க்க முடிகிறதா?

பாட்டுகளும் அப்படித்தான். பழங்காலத்து ஸ்லிப் ஜிக் என்று பலரும் நம்புகிற 'தி பட்டர்ஃபிளை' டப்ளின் பிடில்காரர் டாமி பாட்ஸ் பெயரோடு சேர்ந்தது. அவர் இருந்தது 1912 முதல் 1988 வரை, தொழில் தீயணைப்புப் படையில். 'இனிஷீர்' என்ற வால்ட்ஸ் தாமஸ் வால்ஷ் இயற்றியது. அதுவும் நம் காலத்துப் பாட்டுதான். புதியது பழையதாக ஒலிக்க நூற்றாண்டு தேவையில்லை. நான்கு பேர் மனப்பாடமாக வாசித்தால் போதும்.

*

லோ விசில் உண்மையில் எங்கே மலர்கிறது என்றால் ஸ்லோ ஏர் வாசிக்கும்போது. தாளக்கட்டு இல்லாத, ஐரிஷ் மொழிப் பாடல்களின் மெட்டுகள். பாட்டின் வார்த்தை தெரியாமல் ஏர் வாசிக்காதே என்று மூத்தவர்கள் சொல்வார்கள். எந்தச் சொல்லில் நிறுத்துவது என்பது வார்த்தையில்தான் இருக்கிறது.

இப்போது எடுத்திருப்பது 'போர்ட் ந பூக்கி'. ஆவிகளின் மெட்டு. கெர்ரி கடற்கரைக்கு அப்பால் உள்ள பிளாஸ்கெட் தீவுகளுக்கு உரியது. தீவில் கேட்ட அமானுஷ்யமான ஒலியிலிருந்து மனிதர்கள் பிடித்த மெட்டு என்று கதை. திமிங்கலத்தின் குரல் படகின் அடித்தோல் வழியாகக் கேட்டிருக்கலாம் என்று இன்னொரு கதை. பெரிய பிளாஸ்கெட்டில் மிஞ்சியிருந்த குடும்பங்களை 1953-இல் அரசு கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஊர் போனது, மெட்டு இருக்கிறது.

இதை வாசிக்கும்போது நம் பழக்கம் கைகொடுக்கிறது. துளையை முழுதும் திறக்காமல் விரலைப் பக்கவாட்டில் உருட்டி விலக்கினால் சுரம் வழுக்கி ஏறும், 'ஸ்லைடு' என்கிறார்கள். ஜாருவோடு பழகியவனுக்கு இது தாய்வீடு. ஆனால் ஆசைப்பட்டு எல்லாச் சுரத்தையும் வழுக்கினால் மெட்டு சர்க்கரைப் பாகாகிவிடும் அபாயம் உண்டு. ஒரு வரிக்கு ஒன்று. அதற்கு மேல் கேட்டால் கொடுக்கக் கூடாது.

*

செஷன் ஒழுக்கம், லோ விசில்காரருக்கு:

தெரியாத பாட்டில் விரலால் துழாவாதே. மடியில் குழலை வைத்துக்கொண்டு கேள்.

அக்கார்டியனும் பான்ஜோவும் இருக்கும் மேஜையில் அடி ஸ்தாயியில் ஊதினால் பக்கத்து நாற்காலிக்காரருக்கே கேட்காது. வருத்தப்படாதே. கத்தி ஊதவும் செய்யாதே. சுருதி ஏறிவிடும், அது மட்டும் எல்லாருக்கும் கேட்கும்.

ரீல் என்ற வேக நடனப் பாட்டு வந்தால் சின்ன விசிலுக்கு மாறு. பெரிய காற்றுத்தூண் விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். விரல்கள் கடக்க வேண்டிய தூரமும் அதிகம்.

பாட்டுகளை இரண்டு மூன்றாகக் கோத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை வாசிப்பார்கள். முதல் முறை கேட்க, இரண்டாம் முறை தொற்றிக்கொள்ள, மூன்றாம் முறை வாசிக்க.

"நீ ஒன்று வாசி" என்று யாராவது சொல்லி மேஜை அமைதியானால், அதுதான் லோ விசிலின் நேரம். ஏர் ஒன்றை வாசி. நீட்டாதே.

*

கேட்க வேண்டியவர்கள்:

ஃபின்பார் ஃப்யூரி. மூலவர்.

டேவி ஸ்பில்லேன். மூவிங் ஹார்ட்ஸ் குழுவில் இருந்தவர். துருத்திக் குழலின் விரல்களை அப்படியே லோ விசிலுக்குக் கொண்டுவந்தவர். 'அட்லாண்டிக் பிரிட்ஜ்', 1987. இந்தக் குழலை உலகம் கவனித்ததில் பெரும்பங்கு அவருடையது.

பேடி கீனன். பாத்தி பேண்டின் பைப்பர். குழல் மாறினாலும் மிடுக்கு மாறாது.

மைக்கேல் மெக்கோல்ட்ரிக், மான்செஸ்டர்காரர். லோ விசிலில் வேகமே ஆகாது என்று மேலே எழுதியதை இவர் ஒரு ரீலில் அழித்துவிடுவார்.

பிரையன் ஃபினெகன், ஃப்ளூக் குழு. மூச்சையே தாள வாத்தியமாக்கியவர். இவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டு ஒரு பாட்டைக் கேட்க வேண்டும்.

வாய்ப்பிருந்தால் ஜூலையில் மில்டவுன் மால்பே. பைப்பர் வில்லி கிளான்சி காலமான 1973-லிருந்து அவர் பெயரில் நடக்கிற கோடைப் பள்ளி. பகலில் வகுப்பு, இரவில் ஊரின் எல்லாக் கதவுக்குப் பின்னாலும் பாட்டு.

*

கோயம்புத்தூரில் இருக்கும் நண்பன் போனில் கேட்கிறான், வாங்கலாமா என்று. என் பதில்: முதலில் டி டின் விசில் ஒன்று வாங்கு. விரலமைப்பு எல்லாம் ஒன்றுதான். அதில் பத்துப் பாட்டு மனசில் ஏறட்டும். பிறகு பிளாஸ்டிக் லோ டி ஒன்று. அது உன் கையை விரிக்கும். கை விரிந்த பிறகும் ஆசை இருந்தால் உலோகக் குழலுக்குக் காசைச் சேர்க்கத் தொடங்கு. நல்ல பட்டறைகளில் வரிசை இருக்கும். ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்கிற மாதங்களில் இன்னும் ஐந்து பாட்டு ஏறும்.

புல்லாங்குழல் வாசிக்கிறவனுக்கு இது சுலபமா என்று கேட்டான். ஊதுவது சுலபம், பக்கவாட்டில் உதட்டைக் குவித்து நாதம் தேட வேண்டியதில்லை. நிறுத்துவது கஷ்டம்.

*

பெரியவர் கொடுத்திருக்கிற வீட்டுப்பாடம்: ஒரே ஜிக். ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு எடுக்கிற இடத்தை மாற்ற வேண்டும். போன சுற்றில் விட்ட சுரத்தை இந்தச் சுற்றில் விடக் கூடாது. ரோல் எதுவும் சேர்க்கக் கூடாது, அது மூச்சு முட்டுவதை மறைக்கிற திரை என்கிறார். இடமெல்லாம் தீர்ந்து, மூச்சு தானாக ஓரிடத்தில் வந்து விழத் தொடங்கியதும் அடுத்த பாட்டு.

கார்பன் ஃபைபரில் செய்த லோ விசில் ஒன்று சந்தையில் இருக்கிறது. பயணத்துக்கு வசதியாம், குளிரில் ஜில்லிடாதாம். அந்தப் பக்கத்தை இந்த நோட்டில் இப்போதைக்குத் திறப்பதாக இல்லை.